ஒரு சின்ன ப்ரொசீஜர்

சின்ன ப்ரொசீஜர்தான் என்று மச்சினனிடம் சொல்லிப் போனை வைத்த பிறகும் அந்தச் சொல் அறவாழியின் வாயை விட்டுப் போகவில்லை, கடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொட்டைப்பாக்கு மாதிரி ஒரு கன்னத்தில் அடங்கிக்கொண்டது. கதிரேசன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பேசினான், பின்னால் யாரோ தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார்கள். "அக்காவுக்கு என்ன மாமா பண்றாங்க?" "ப்ரொசீஜர்ப்பா." "அப்படின்னா ஆபரேஷனா?" "ஆபரேஷன்னு சொல்ல முடியாது. சின்ன ப்ரொசீஜர்." "அறுப்பாங்களா?" "சேச்சே, அதெல்லாம் இல்ல." இல்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் அந்த 'சேச்சே' எவ்வளவு அழகாக வந்தது, பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி நடத்தி நடத்தி வழவழப்பான குரல், அதைக் கேட்டவன் சந்தேகத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். கதிரேசனும் உட்கார்ந்துவிட்டான். "நீங்க பக்கத்துல இருக்கீங்க, எனக்கென்ன மாமா கவலை" என்றான். பக்கத்தில் எங்கே இருக்கிறார்? தமயந்தி ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு உள்ளே இருக்கிறாள், இவர் வெளியே இரும்பு நாற்காலியில், மடியில் ஒரு பாலிதீன் பையோடு. பைக்குள் அவளுடைய தாலிச்சங்கிலி, தோடு, வளையல். மூக்குத்தி மட்டும் கழற்ற வரவில்லை, திருகு இறுகிவிட்டது, நர்ஸ் எண்ணெய் போட்டுப் பார்த்துவிட்டு அதன்மேல் பிளாஸ்டரை ஒட்டினாள். மூக்கில் வெள்ளைப் பிளாஸ்டரோடு தள்ளுவண்டியில் போனபோது தெருவில் சண்டை போட்டு அடிபட்டு வந்த சின்னப் பெண் மாதிரி இருந்தாள். போகும்போது இவரைப் பார்த்துச் சிரித்தாள். பயமே இல்லாத சிரிப்பு. அதைத்தான் தாங்க முடியவில்லை. பயப்படாமல் இருப்பதற்கு அவளுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, இவர் சொன்னது.

ப்ரொசீஜர் என்றால் செய்முறை. அது தெரியும், அது மட்டும் நன்றாகத் தெரியும். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று நாலு தலைப்பைக் கரும்பலகையில் எழுதாமல் இவருடைய ஒரு வருஷமும் ஆரம்பித்ததில்லை. முதலில் இது, பிறகு அது, வரிசை மாறக் கூடாது, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே, ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். வீட்டில் தமயந்திக்கும் அதே சொல்தான், வாரப் பத்திரிகையில் வத்தக்குழம்புக்குக் கீழே செய்முறை என்று போட்டிருப்பான், அவள் அதைப் படித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்வாள். ஆனால் டாக்டர்கள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் படிகள் எதுவும் தெரிவதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால் அதற்கு அந்தப் பெயர் இல்லை, உடம்புக்குள் கருவியோ கையோ போனால்தான் ப்ரொசீஜர், பல்லைப் பிடுங்குவதும் அதுதான், நெஞ்சுக்குழாய்க்குள் கம்பிச்சுருள் வைப்பதும் அதுதான். பானைக்குள் என்ன கொதித்தாலும் மேலே ஒரே மூடி. செய்கிறவர்களுக்கு உள்ளே ஒவ்வொரு படியும் தெரியும், வெளியே நாற்காலியில் இருப்பவனுக்கு மூடி மட்டும். பிள்ளைகள் எழுதும் செய்முறையில்கூட ஆள் கிடையாது, பத்து மில்லி எடுக்கப்படுகிறது, குடுவையில் சேர்க்கப்படுகிறது, சூடுபடுத்தப்படுகிறது, எடுக்கிறவன் யார், சூடுபடுகிறது யார் என்று இருக்காது, அப்படி எழுதினால்தான் மார்க் போடுவார். இப்போது உள்ளே ஒருத்தி படுக்கவைக்கப்படுகிறாள். மேற்கொண்டு வினைச்சொல் தெரியவில்லை. படுக்கவைக்கப்பட்டு, பிறகு? அறவாழி செல்லை எடுத்து மறுபடி தேடினார். டாக்டர் ஹில்டா அன்றைக்கு ஒரு நீளப் பெயரைச் சொன்னாள், ஹிஸ்ட என்று ஆரம்பித்தது, அதுவரை நிச்சயம். அந்த ஆரம்பத்தோடு செல்லில் இரண்டு வந்தன. ஹிஸ்டரோஸ்கோப்பி, கர்ப்பப்பைக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்ப்பது. ஹிஸ்டரெக்டமி, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது. பார்ப்பதா எடுப்பதா? வால்தான் வேறு. சல்பேட்டைச் சல்பைட் என்று எழுதிய பையனை எழுப்பி நிறுத்தி, ஒரு எழுத்துதானே சார் என்று அவன் சொன்னதற்கு வகுப்பே சிரிக்கும்படி ஒன்று சொன்னாரே, என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது, பையனின் காது சிவந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போது இவர் காது சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்தார்.

கேட்டிருக்கலாம். அன்றைக்குத் தமயந்தி பக்கத்து அறையில் ஸ்கேன் முடிந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், டாக்டர் இவரிடம்தான் பேசினாள், மகள் மதிவதனியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவு சின்னப் பெண், "ஒரு சின்ன ப்ரொசீஜர் பண்ணிப் பாத்துடலாம் சார், நீங்க சயின்ஸ் டீச்சர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டும் விளக்கத்தான் செய்தாள், பாதி இங்கிலீஷில், வேகமாக, கூச்சமே இல்லாமல், தமயந்தியின் உடம்பிலிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லி. அறவாழி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு கர்ப்பப்பை மாதிரி இருந்தது, அதையும் பார்க்க முடியவில்லை. சுவரில் மருந்துக் கம்பெனிக் காலண்டர், அதில் ஒரு குழந்தை தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். எங்கெங்கே ஆட்ட வேண்டுமோ அங்கெல்லாம் சரியாக ஆட்டினார், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற அதிகாரி முன்னால் ஆட்டுகிற மாதிரி. "டவுட் ஏதாவது?" என்று கேட்டாள். "நோ நோ, க்ளியர்" என்றார். எது க்ளியர்? பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலத்தில் இனப்பெருக்கப் பாடம் வரும்போதெல்லாம் வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் தள்ளிவிடுவார், பெண் பிள்ளைகள் குனிந்து சிரிப்பார்கள், ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள், அவளிடம் அது பரீட்சைக்கு வராது என்றார். வந்துவிட்டது, இப்போது வந்துவிட்டது. ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, பின்னாலிருந்து தமயந்தி தோளில் கை வைத்து, "என்ன பண்ணப் போறாங்களாம்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "ஒரு குழாய் விட்டுச் சுத்தம் பண்ணுவாங்க, வீட்டுல சிங்க் அடைச்சுக்கிட்டா எடுக்கிறதில்லையா, அந்த மாதிரி. அவ்வளவுதான்" என்றார். சிங்க் உவமை அந்த நிமிஷம் தானாக வந்தது, சொன்னபோது ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "அப்ப சரி" என்றாள் அவள், தோளிலிருந்த கை லேசானது. அந்த வாரம் முழுவதும் அக்கம்பக்கத்தில் அதையே சொன்னாள், சிங்க் மாதிரியாம், அவர் டாக்டர்கிட்ட எல்லாம் விவரமாக் கேட்டுட்டாரு. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னது இவர் காதில் விழுந்தது, பேப்பரை இன்னும் கொஞ்சம் விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

கவுன்டரில் நர்ஸ் இருக்கிறாள். எழுந்து போய் அம்மா, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. அறவாழி எழுந்தார், எழுந்ததும் ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டிய நாற்காலி வரிசை முழுவதும் ஆடியது, அந்தக் கோடியில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கவுன்டர் வரைக்கும் போனார். நர்ஸ் நிமிர்ந்தாள். "என்ன சார்?" சம்மதப் பாரத்தில் கையெழுத்து இவர்தான் போட்டிருக்கிறார். பெண்டாட்டிக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமலே போட்ட கையெழுத்து, பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., பி.எட். என்று வேறு. "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்றார். அவள் கை காட்டினாள். வேண்டாத பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். பினாயில் நெடி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரத்தம் என்று அவள் முதலில் சொன்னது மாசிக்கு முன்னால், தீட்டெல்லாம் நின்றுபோய் ரொம்பக் காலம் ஆனபிறகு, என்னங்க, மறுபடியும் படுது என்று சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கும் கூச்சம், கேட்க இவருக்கும் கூச்சம். "வயசு ஆகுதுல்ல, சிலருக்கு அப்படித்தான் இருக்கும், தன்னால சரியாயிடும்" என்றார். யாருக்கு அப்படி இருக்கும்? எங்கே படித்தார்? படிக்கவில்லை, அந்தப் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும் என்று வாயில் வந்தது. அவள் நம்பினாள். மாசி, பங்குனி, சித்திரை என்று ஆனி வரை நம்பினாள். அதற்குப் பிறகுதான் ஒருநாள் கோயிலில் கால் தடுமாறி உட்கார்ந்துவிட, கூட வந்தவர்கள் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அந்த மாதங்களில் உள்ளே என்ன வளர்ந்தது? அந்தப் பெயரை அறவாழி மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது முகம் வழக்கம்போல விஷயம் தெரிந்த முகமாகத்தான் இருந்தது, நரைத்த மீசை, நெற்றியில் மடிப்பு, யாரும் நம்புவார்கள். அதன்மேல் தண்ணீரை வாரி அடித்தார்.

திரும்பி வரும்போது தியேட்டர் கதவு திறந்திருந்தது, டாக்டர் ஹில்டா பச்சை உடையில் முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு நின்றிருந்தாள், இவரைத்தான் தேடியிருக்கிறாள். "பயப்படாதீங்க சார், அவங்க நல்லா இருக்காங்க. உள்ள பாத்தோம், ஸ்கேன்ல தெரிஞ்சதைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கு. இப்ப ஒரு முடிவு எடுக்கணும்." அறவாழியின் தலை தானாக ஆடத் தொடங்கியது. "முதுகுல ஊசி போட்டிருக்கிறதால அவங்க முழிச்சுதான் இருக்காங்க. அவங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லவே விடல. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும், அவர் சொன்னாச் சரின்னுட்டாங்க." டாக்டர் லேசாகச் சிரித்தாள், பாராட்டுகிற சிரிப்பு. ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. அவருக்கு எல்லாம் தெரியும். கால் விரித்துக் கட்டப்பட்டு, மரத்துப்போன உடம்போடு, மூக்கில் பிளாஸ்டரோடு அவள் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள், எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்றுகூடத் தெரிந்தது, மாடியில் எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்ன அதே குரல். இப்போதும் ஒரு வழி இருந்தது, உங்களுக்கு எது நல்லதாப் படுதோ செய்யுங்க டாக்டர் என்றால் போதும், அதுவும் விஷயம் தெரிந்தவன் பேச்சு மாதிரியே இருக்கும், வாக்கியம் முழுசாகத் தயாராகி நாக்கில் நின்றது. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் அறவாழி. குரல் யாருடையதோ மாதிரி மெலிந்து வந்தது. "என்ன சார்?" "அன்னைக்கு நீங்க சொன்னது எதுவுமே எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். அவகிட்ட நானா ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்." கோடியில் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார், நர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கட்டும். "பாக்குறதா, எடுக்கிறதா? அதுகூட எனக்குத் தெரியாது." டாக்டர் முகமூடியை முழுசாகக் கழற்றினாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "நானும் நீங்க டீச்சர்னு விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். "அவங்களுக்கும் தெரியாதா? அப்ப உள்ள வாங்க சார். அவங்ககிட்ட நீங்களே இதைச் சொல்லுங்க, மிச்சத்தை நான் சொல்றேன். சீக்கிரம் வரணும்."

மேல்சட்டைமேல் ஒரு பச்சை அங்கியைக் கட்டிவிட்டார்கள், தலைக்குத் தொப்பி, வேறு யாருடைய அளவிலோ ரப்பர் செருப்பு. உள்ளே ஏசி எலும்பைத் தொட்டது. ஒரு துணித் திரைக்கு இந்தப் பக்கம் தமயந்தியின் தலை மட்டும் இருந்தது, அந்தப் பக்கம் அவளுடைய மீதி, அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு அவள் தலைமாட்டில் போய் நின்றார். இவரைத் தலைகீழாகப் பார்த்து அவள் கண்ணை விரித்தாள். "நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?" பிறகு தொப்பியைப் பார்த்தாள், சிரிக்கப் போனாள். சிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். "தமயந்தி, நான் உன்கிட்ட சொன்னது எல்லாம் பொய். டாக்டர் சொன்னது எனக்குப் புரியல. சிங்க்குன்னு சொன்னேன்ல, அது நானாச் சொன்னது." அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இயந்திரம் ஒன்று அவளுடைய நாடியைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது, வேகம் கொஞ்சம் கூடியது, அது இவருக்கே கேட்டது, இனி அவள் எதையும் மறைக்க வேண்டியதில்லை, இயந்திரமே சொல்லிவிடும். "ரத்தம் படுதுன்னு சொன்னப்ப சரியாயிடும்னு சொன்னீங்களே" என்றாள். "அதுவும் தெரியாமத்தான்." தமயந்தி கண்ணை இவர்மேலிருந்து எடுத்தாள். எடுத்த விதம், அலமாரியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து வேறு இடத்தில் வைப்பது போல, கோபமில்லாமல், திருத்தமாக. திரைக்கு அந்தப் பக்கம் நின்ற டாக்டரைப் பார்த்தாள். "டாக்டரம்மா, என்கிட்டயே சொல்லுங்க." டாக்டர் சொன்னாள், இந்தத் தடவை முழுவதும் தமிழில், மெதுவாக. கர்ப்பப்பைக்குள் ஒரு சதை வளர்ந்திருக்கிறது. கேமரா விட்டுத்தான் பார்த்தோம், இன்னும் எதையும் எடுக்கவில்லை. சதையின் அடி அகலமாக இருக்கிறது, இன்றைக்கே முழுவதும் எடுத்தால் ரத்தம் அதிகமாகப் போகலாம், நிற்காமல் போனால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். அல்லது ஒரு துண்டு மட்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட் பார்த்த பிறகு யோசிக்கலாம், ஆனால் இன்னொரு தடவை இங்கே வந்து படுக்க வேண்டும். "புத்துநோயா?" என்று தமயந்தி கேட்டாள். இவ்வளவு நேரம் இவர் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்த சொல்லை, கத்தரிக்காய் முற்றலா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "பாக்க அப்படித் தோணல. ஆனா ரிப்போர்ட் வந்தாத்தான் உறுதி." "துண்டு எடுத்தா ரத்தம் போகுமா?" "கொஞ்சம்." "காத்துக்கிட்டிருக்கிற நேரத்துல பெருசாயிருமா?" "அவ்வளவு சீக்கிரம் ஆகாது." "முழுசா எடுக்கிறதா இருந்தா எம் மக வந்திருக்கணும். நான் யோசிக்கணும். இன்னைக்குத் துண்டு மட்டும் எடுங்க." எவ்வளவு சுருக்கமான கேள்விகள். காலண்டர்க் குழந்தையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டிய நேரத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டு ஒரு காப்பியும் குடித்திருக்கலாம். "சார், நீங்க வெளிய இருங்க" என்றார்கள். போகும்போது தமயந்தி திரும்பிப் பார்க்கவில்லை, மயக்க மருந்துக்காரர் அவளிடம் ஏதோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தாள், இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு வரவில்லை. துண்டை டப்பாவில் போட்டு அனுப்பியாயிற்று, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும் என்று டாக்டர் வந்து தமயந்தியிடம் சொல்லிவிட்டுப் போனாள், இவரிடம் அல்ல, அது சரிதான். ஜன்னல் வழியாக மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அறவாழி ஸ்டூலில் உட்கார்ந்து என்ன பேசலாம் என்று பார்த்தார். வலிக்குதா என்று கேட்கலாம், கேட்டால் கேட்கிற உரிமை இருக்கிறதா என்று இருந்தது. மன்னிச்சிரு என்ற சொல் அவர்களுக்குள் புழங்கியதே இல்லை, திடீரென்று எடுத்தால் வாடகை வேஷ்டி மாதிரி நிற்கும். பேசாமல் இருப்பதும் கூசியது, இது எந்த மாதிரிக் கூச்சம் என்றால் உடம்பெல்லாம் அப்படியே இருந்து மேல்தோல் மட்டும் இல்லாத மாதிரி. "என்னங்க" என்றாள் அவள், கூரையைப் பார்த்துக்கொண்டே. "ம்." "கல்யாணமான புதுசுல சிறுமலைக்குப் போனோமே. பஸ் நின்ன இடத்துல ஒரு பறவை. வெள்ளையா, வாலு மட்டும் ரிப்பன் மாதிரி அத்தனை நீளத்துக்கு." அறவாழிக்கு அந்தப் பறவை ஞாபகம் இருந்தது. "என்ன பேருன்னு கேட்டேன். வெண்தோகைன்னு சொன்னீங்க." சொன்னார். புதுப் பெண்டாட்டி, கையில் மருதாணி, முதல் தடவையாக இவரிடம் ஒன்று கேட்கிறாள், தெரியாது என்று எப்படிச் சொல்வது. வெண்தோகை என்று அந்த நிமிஷம் செய்து கொடுத்தார், அவள் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அதுவும் தெரியாதா?" "தெரியாது." சிரித்துவிட மாட்டாளா என்று காத்திருந்தார், சிரித்துவிட்டால் எங்கேயோ ஒரு ஓரமாகக் காலை ஊன்றிக்கொள்ளலாம். சிரிக்கவில்லை. "மதிவதனிக்கு நான் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். போன வாரம் அவ பிள்ளைக்குப் படத்தைக் காட்டிச் சொல்லிக்கிட்டிருந்தா, போன்ல எனக்குக் கேட்டுச்சு. அது மழலையில வெந்தோக, வெந்தோகன்னு." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், அந்த வாசனை வந்தது. இன்னும் எத்தனை வீடுகளில், எத்தனை நோட்டுகளில், எத்தனை பேர் வாயில் இவர் செய்து கொடுத்தவை நடமாடிக்கொண்டிருக்கும், அறவாழி சார் சொன்னாரு என்று. "நான் மதிவதனிகிட்ட பேசுறேன்" என்றார். "இப்பவா?" "இப்பவே." அவள் கண்ணைத் திறந்து, இங்கே வந்தபிறகு முதல் தடவையாக, இவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பிள்ளை கேட்டா என்ன பேருன்னு சொல்லுவீங்க?" "தாத்தாவுக்குத் தெரியாதுன்னு சொல்லுறேன்." தமயந்தி அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். மதிவதனியின் எண்ணைப் போட்டாயிற்று, அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. "சொல்லிப் பாருங்க" என்றாள்.